இடப்பக்கக் குடுமி

குனிந்தே உட்கார்ந்து ஒசெனுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. போரில் வெட்டிவந்த எதிரிக் குலத்துத் தலைகளைக் கழுவி, வாரி, பிரபுவின் பார்வைக்கு வைப்பது கோட்டைப் பெண்களின் வேலை. ஆற்றுக்கு அக்கரையில், அந்த எதிரிகளின் கோட்டையிலும் அதே வழக்கம்தான்.

"ஏண்டி, வெறும் காலாள் தலைக்கு இத்தனை எண்ணெயா? உன் வீட்டு மாப்பிள்ளையாக்கும்!" என்றாள் பக்கத்திலிருந்த ஒதகி.

ஒசெனின் புருஷன் கிஹெய்யும் காலாள்தான். போன சண்டை ஓய்ந்ததும் அக்கரையார் அவன் தலையைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே யாரோ ஒருத்தி சிக்கெடுத்து வாரி, தன் உடுப்பின் ஓரத்தைக் கிழித்துக் கட்டி, அவர்கள் வழக்கப்படி இடப்பக்கமாகக் குடுமி முடிந்திருந்தாள். அந்த மயிரை ஒருதரம் கையால் அளைய ஒசெனுக்கு உயிர் துடித்தது. ஆனாலும் முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை, அப்படியே புதைத்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு வாரிவிட்டவளோட ஆளும் இதிலே இருக்கலாமேக்கா."

ஒதகி எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அந்த ஆள் இதில் இருந்துவிடக் கூடாதென்றுதான் ஒசென் வேண்டிக்கொண்டாள். முகம் தெரியாத அந்த அக்கரைக்காரிக்கு அவள் ஒரு தலை வாரிவிடக் கடன்பட்டிருந்தாள்.