ஆறுதல் மொழியில் ஒரு கண்ணாடி

தூத்துக்குடிப் பேச்சில் பேசட்டுமே என்று குளியலறையிலிருந்த பேசும் சுவர்க் கண்ணாடியை நோண்டிய சூசைமாணிக்கம், அதை ‘ஆறுதல்’ மொழியில் பூட்டிவிட்டார். இனி மாற்ற முடியாதாம். புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் அவருடைய தாடையை எலும்புவரை படம்பிடித்து, நோய் சொல்லும் கண்ணாடி அது.

இன்று இடப்பக்கத் தாடை வீங்கியிருந்தது.

“முகம் பூரிச்சிருக்கு அண்ணாச்சி. மாப்பிள்ளைக் களை” என்றது கண்ணாடி.

“கேன்சரா, பல்லா? அதச் சொல்லு.”

“நல்லதே நெனைங்க.”

கூடத்துக்கும் குளியலறைக்கும் நடந்தார். கேட்கும்போதெல்லாம் மாப்பிள்ளையானார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், அங்கேயும் இதே குரல்.

கண்ணாடி எடுக்கும் படத்தின் அசல் அறிக்கை மனைவி ஜெசிந்தாவின் போனுக்குத்தான் போகும். அவள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள்.

“உனக்குத் தெரியும்லா? சொல்லு ஜெசி. எதுன்னாலும் சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிடுதேன்.”

அவள் திரும்பினாள்.

“கேன்சர்தான். தாடை எலும்புக்கு வந்துட்டு. எங்கிட்ட நீங்க சிரிச்சுக் காட்டாண்டாம்.”