லடாக் வண்டிக்கு ஒரு சத்தியம்

"காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணு பாபு. அப்பத்தான் வண்டிய எடுப்பேன்" என்றார் கோவர்த்தனன்.

பழைய வண்டி வியாபாரி ஹரிபாபு பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"ஜீப்புக்கா அண்ணா?"

"ஜீப்புக்குத்தான்."

சித்தூர் பக்கத்தில் எந்தத் தகராறு தீராவிட்டாலும் காணிப்பாக்கம் பிள்ளையார்தான் கடைசிக் கோர்ட். குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு சன்னிதியில் நின்று சத்தியம் செய்ய வேண்டும். அங்கே பொய் சொன்னவனைப் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் ஒரு செகண்ட் ஹேண்ட் ஜீப்புக்காக அவரைத் தொந்தரவு செய்யக் கிளம்பிய முதல் ஆள் அநேகமாக கோவர்த்தனன்தான்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. புத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு. முப்பது வருஷமாக மாங்காய் ஏற்றிக்கொண்டு சித்தூர் மண்டிக்கும் வீட்டுக்குமாக ஓடியே பாதி ஆயுசு போய்விட்டது. மகள் காவ்யாவுக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரம் மனைவி செங்கம்மாவிடம் சொன்னார்.

"இனிமே ஊரு பாக்கலாமே."

"திருத்தணிக்கா மாமா?"

"லடாக்குக்கு. நம்ம சொந்த வண்டில. இருபத்தெட்டு நாளு."

செங்கம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "அங்க சோறு கெடைக்குமா? இல்ல, சப்பாத்தியே துன்னுக்கினு கெடக்கணுமா?"

அவ்வளவுதான். சம்மதம் கிடைத்துவிட்டது.

வண்டிதான் கிடைக்கவில்லை. பனியிலும் பாறையிலும் ஏற நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். புது வண்டி விலையைக் கேட்டால் தோப்பையே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு மாதமாகத் திருப்பதிக்கும் சித்தூருக்கும் அலைந்து பதினோரு பழைய வண்டிகளைப் பார்த்தார்.

ஒன்றில் நாலு சக்கர இழுவை என்பது ஸ்டிக்கரில் மட்டும் இருந்தது. இன்னொன்று நல்ல வண்டிதான். ஆனால் ரிப்பேர் என்றால் லேப்டாப் மாட்டித்தான் பார்க்க வேண்டுமாம்.

"மலை உச்சில லேப்டாப் மெக்கானிக்குக்கு எங்க போவேன்?" என்று அதையும் தள்ளினார்.

பன்னிரண்டாவதாக வந்தது ஹரிபாபுவின் ஜீப். எட்டு வருஷத்து டீசல் வண்டி. எந்தப் பட்டிக்காட்டு மெக்கானிக்கும் ஸ்பேனரோடு அடியில் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். பின்னால் அடுப்பு, அரிசி மூட்டை, படுக்கை எல்லாம் அடங்கும். கோவர்த்தனனின் பழைய காரை ஹரிபாபு எடுத்துக்கொள்வான்; மீதிக்குப் பணம். விலையும் கைக்கு எட்டியது.

எல்லாம் பிடித்திருந்தது, ஹரிபாபுவின் வாயைத் தவிர.

"வண்டி விக்கிறவனுக்கு நாக்குல நரம்பு கெடையாதுமே" என்றார் செங்கம்மாவிடம். "நடு மலையில நின்னுட்டா, தள்றதுக்கு நீ மட்டுந்தான் இருப்ப."

செங்கம்மாவுக்கு அது நியாயமாகவே பட்டது.

ஹரிபாபு மறுக்கவில்லை. அந்த ஜீப்பிலேயே மூன்று பேரும் காணிப்பாக்கம் போனார்கள். வழி நெடுக, பொய் சொல்லிப் பிழைப்பவர்களின் கதி என்ன ஆகும் என்று கோவர்த்தனன் உபதேசம் செய்துகொண்டே வந்தார்.

ஹரிபாபு குளத்தில் முங்கி எழுந்தான். சொட்டச் சொட்டச் சன்னிதியில் போய் நின்றான்.

"சாமி, இந்த ஜீப் ஆக்ஸிடென்ட்ல அடிபடல. மீட்டரைத் திருப்பல. நாலு சக்கரமும் நல்லா இழுக்குது." கொஞ்சம் தயங்கினான். "ஆனா, அண்ணாகிட்ட ரெண்டாவது ஓனர்னு சொன்னேன். மூணாவது ஓனர். மழை பெஞ்சா பின் கதவுல தண்ணி எறங்கும். தப்பு சாமி. அதுக்கு விலையில பதினஞ்சாயிரம் கொறைச்சிக்கிறேன்."

கோவர்த்தனனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாமே? இங்க கொண்டாந்து நிறுத்தினாத்தான் உண்மை வெளிய வருது! மனுசன்னா நேர்மை வேணும்யா!"

வெளியே வந்து குளத்துப் படியில் நின்று ஹரிபாபு சட்டையைப் பிழிந்தான்.

"சரி அண்ணா, இப்ப நீங்க முங்குங்க."

"நானா? நான் எதுக்கு?"

"உங்க காரை நான் எடுத்துக்கிறேன் இல்ல? கடையில சொன்னதை அப்படியே சாமிகிட்ட ஒருவாட்டி சொல்லிடுங்க. இஞ்சின் தொறக்கல, வயரிங்கைத் தொடல, பெத்த புள்ள மாதிரி வெச்சிக்கினு இருந்தேன்னு சொன்னீங்களே."

கோவர்த்தனன் குளத்தைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். மறுபடி குளத்தைப் பார்த்தார்.

"சொல்றதுக்கு இன்னா பாபு... காலையிலேர்ந்து ஒரே சளி. தலைக்கு ஊத்திக்க வேணான்னு டாக்டரு சொல்லிக்கீறாரு."

"லடாக்குப் பனிக்குப் போறவருக்கு, குளத்துத் தண்ணி ஆகாதா? ஏன் வதினம்மா, நிஜமாவே சளியா?" ஹரிபாபு சிரிக்காமல் செங்கம்மாவைக் கேட்டான்.

படியில் உட்கார்ந்திருந்த செங்கம்மா, புருஷனைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன் மாமா, போன வருசம் வெள்ளத்துல நம்ம காரு ரெண்டு நாளு முழுசா முங்கிக் கெடந்திச்சே, நீ ஒரு நிமிசம் முங்கறதுக்கா இப்படிப் பயப்படற?"