வார்மரில் இரண்டு தொப்பி

பாத்திரக்கடை முதலாளியம்மா படியேறி வரும் சத்தம் கேட்டபோது, ஓசி சிஸ்டர் இரண்டாவது பிள்ளைக்கு முயல்காதுத் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் பிள்ளைக்கு நீலத் தொப்பி போட்டு, முகத்தை இடப்பக்கம் திருப்பியாயிற்று. இதை வலப்பக்கம் திருப்பிவிட்டால் போதும். இரண்டு முகத்தையும் யாரும் ஒருசேரப் பார்க்க முடியாது.

சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பவள் அவள். கடை கடையாக ஏறி இறங்கி, பஞ்சு, கையுறை, ஊசி என்று ஆஸ்பத்திரிக்கு எல்லாவற்றையும் காசில்லாமல் வாங்கி வருபவள். அதனால் பிரசவ வார்டு வைத்த பெயர் ஓசி சிஸ்டர். அவளுக்கு அதில் கோபமில்லை. பேரும் ஓசியில் வந்ததுதானே என்பாள்.

ஆனால் இன்று கேட்கப்போவது பஞ்சு இல்லை.

பிறந்த பிள்ளைகளின் உடம்பு சில்லிட்டுப் போகாமல் கிடத்திவைக்கும் வார்மர் அங்கே இரண்டு இருந்தன. ஒன்று போன மழைக்காலத்தில் மண்டையைப் போட்டது. மிச்சமிருந்த ஒன்றில் நேற்று இரண்டு வீட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்துப் படுத்திருந்தன. அதைச் சொல்லித்தான் முதலாளியம்மாவிடம் கேட்டிருந்தாள். தட்டிப் பார்க்காமல் எதற்கும் பணம் கொடுக்கும் பழக்கமில்லை என்று அந்தம்மா சொல்லிவிட்டார். அப்படியானால் வந்து பாருங்கள் என்று இவளும் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

காலையில் வந்து பார்த்தால், அந்த இரண்டும் தேறித் தங்கள் அம்மாக்களிடம் போய்விட்டன. அந்த இடத்தில் படுத்திருந்தது, அப்படியே உரித்து வைத்தாற்போல, ஓர் இரட்டை.

உள்ளதைச் சொல்லிவிடு என்றார் டாக்டரம்மா. ஓசி சிஸ்டருக்கு உண்மை மேல் பகை ஒன்றுமில்லை. முதலாளியம்மா மேல்தான் நம்பிக்கையில்லை. வயிற்றுக்குள் ஒன்றாகக் கிடந்தவர்கள் வெளியேயும் ஒன்றாகக் கிடந்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்டுவிட்டு, அந்தம்மா வந்த வழியே போய்விடுவார். நாளைக்கு இன்னொரு பிள்ளை நீலம் பாரித்து வந்தால், இவற்றில் எதைத் தூக்கி வெளியே வைப்பது?

பொய் சொல்லப்போவதில்லை என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தொப்பி போடுவது பொய்யாகாது.

முதலாளியம்மா வந்தார். வந்ததும் வார்மரின் பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். குடம் வாங்க வந்தவரைப் போல ஓசையைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, ரெண்டு வீட்டுப் பிள்ளைகளா என்று கேட்டார்.

இடம் எவ்வளவு நெருக்கடியாக இருக்கிறது பாருங்கள் என்றாள் ஓசி சிஸ்டர்.

நீலத் தொப்பி கொட்டாவி விட்டது. உடனே முயல்காதும் கொட்டாவி விட்டது.

ஓசி சிஸ்டர் இருமினாள். வார்டின் ஒழுகும் கூரையைப் பற்றி, தேவையே இல்லாமல், சத்தமாகப் பேச ஆரம்பித்தாள்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, சொல்லி வைத்தாற்போல இரண்டு முகமும் ஒன்றையொன்று பார்க்கத் திரும்பின. நீலத் தொப்பியின் கை துழாவிப்போய் முயல்காதின் விரலைப் பிடித்துக்கொண்டது. துணியைச் சரிசெய்வதுபோல அவள் கையைப் பிரித்துவிட்டாள். அது மறுபடியும் போய்ப் பிடித்துக்கொண்டது. மறுபடியும் பிரித்தாள்.

முதலாளியம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். இனிமேல் அந்தக் கடைப்பக்கம் ஒரு கரண்டிக்குக்கூடப் போக முடியாது.

முதலாளியம்மா ஜன்னலோரம் போய் யாருக்கோ போன் செய்தார். விலை கேட்டார். பேரம் பேசினார். இன்னும் குறைக்கச் சொல்லி அதட்டினார். கடைசியில், ஒரு வார்மர் நாளைக் காலையில் இங்கே வந்து இறங்க வேண்டும் என்று சொல்லி வைத்தார்.

ஓசி சிஸ்டருக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அடுத்த நொடியே வெட்கம் பிடுங்கித் தின்றது. இவ்வளவு பெரிய மனசைத் தொப்பி போட்டு ஏமாற்றிவிட்டோமே. ஆனது ஆகட்டும், சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தாள்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். இந்தப் பிள்ளைங்க வந்து…”

“ரெட்டைதான். கையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நானும் ரெட்டையில ஒண்ணுதாம்மா. நாங்க பொறந்த எடத்துல கண்ணாடிப் பெட்டி ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சாம். பொழைக்கிற பிள்ளை எதுன்னு பாத்து, என்னைய அதுல வெச்சாங்களாம்.”