ரெட்டைச் சடை

மாணவிகளிடம் அத்துமீறி ஜெயிலுக்குப் போன டியூஷன் வாத்தியார் பரோல் கேட்கும்போதெல்லாம், அன்று அவனிடம் படித்த நால்வரும் ரெட்டைச் சடையோடு வந்து எதிர்ப்புச் சொல்வார்கள். சிறை அலுவலக வாசலில் ஒருத்திக்கொருத்தி ரிப்பன் கட்டிவிடுவார்கள். ஒருத்தி வெளிநாடு போய்விட்டாள். ஒருத்தி கணவனுக்குப் பயந்து நின்றுவிட்டாள். ஒருத்தி செத்தே போனாள். இம்முறை நரையோடிய சடைகளைத் தானே மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாள் செண்பகவல்லி.

"அவருக்கு எழுபது வயசாச்சும்மா. நீங்களும் இந்த வயசுல போய் ரிப்பனெல்லாம்..." என்று இழுத்தார் அதிகாரி.

"அவன் வயசைச் சொல்லிட்டீங்க சார். எங்க வயசு இதுதான்."

அதிகாரி அவள் எதிர்ப்பை எழுதிக்கொண்டார். ஒரு ரிப்பன் அவிழ்ந்து அவள் தோளில் சரிந்தது. பழக்கதோஷத்தில், காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.