ஐயாவின் பேப்பர்

கண் தெரியாதவரிடம் பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று நர்ஸுக்கு வெட்கமாகவே இருந்தது. மனசுக்குள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த எதிர்க்கட்சிப் பேப்பரை விரித்தாள்.

“உங்க பேப்பர்தான் ஐயா. இன்னைக்கு முதல் பக்கத்துலயே வெயிலைப் பத்திப் போட்டிருக்காங்க.”

“அப்படியா?” என்றார் கட்டிலில் கிடந்த பெரியவர். “படிம்மா.”

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அறை அது. காலை பத்து மணிக்கே சுவரில் கை வைக்க முடியவில்லை. மின்விசிறி அனலைத்தான் இறைத்தது. நேற்று பெரியவருக்கு மயக்கம் வந்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர், “இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்க மாட்டார். முதல்ல கீழ மாத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீழ் வீட்டு அக்கா தன் முன்னறையை ஒழித்துக் கட்டில்கூடப் போட்டுவிட்டாள். பெரியவர்தான் அசையவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்தார். ஈரத்துணி போர்த்தினால் பேசாமல் கிடந்தார். கீழே போகலாம் என்றால் மட்டும், “வேணாம்மா, வருஷா வருஷம் வர்ற வெயில்தானே” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியூரில் இருந்த மகனுக்கு நர்ஸ் போன் செய்தாள்.

“அவர் பேப்பர்ல வந்தாத்தான் நம்புவார் சிஸ்டர். வெயில் கொடுமையெல்லாம் எதிர்க்கட்சி கட்டிவிட்ட கதைங்கும் அந்தப் பேப்பர். எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.”

அவளுக்கும் அது தெரியும். வேலைக்கு வந்த இந்தப் பத்து நாளும் அந்த ஆளுங்கட்சிப் பேப்பரை அவள்தான் படித்துக் காட்டினாள். ஊரே வெந்துகொண்டிருந்த அன்று அதில், “களைகட்டியது கோடை, பூங்காக்களில் மக்கள் உற்சாகம்” என்று இருந்தது.

அவள் புலம்பியதைக் கேட்ட அக்கா, தன் வீட்டுப் பேப்பரை எடுத்து நீட்டினாள்.

“இதை அவர் பேப்பர்னு சொல்லிப் படிங்க. நான் கொடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

“இதுல எழுதறது நிஜமாக்கா?”

“மழை பெஞ்சாலும் மந்திரியைத் திட்டற பேப்பர்தான் இது. ரெண்டு வருஷம் முன்னாடி என் வீட்டுக்காரர் மத்தியான வெயில்ல ரோட்டுக்குத் தார் போட்டுட்டிருந்தவர், அப்படியே சுருண்டு விழுந்துட்டார். மூணு நாள் என் அழுத மூஞ்சியை முதல் பக்கத்துல போட்டாங்க. நாலாம் நாள் கிரிக்கெட் வந்துடுச்சு. ஆனா, வெயில்ல செத்தார்னு இதுவாவது எழுதுச்சு.”

“ஐயாவோட பேப்பர்?”

“‘உடல்நலக் குறைவு’ன்னு ரெண்டு வரி.” அக்காவின் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

“ஐயா முன்னாடி என்ன வேலை பார்த்தாருக்கா?”

“ஏதோ ஆபீஸ். போன வருஷம் கண்ணு போற வரைக்கும் போயிட்டிருந்தார்” என்று சொல்லிவிட்டு, அக்கா குழாயை மூடப் போய்விட்டாள்.

நர்ஸ் இப்போது நிறுத்தி நிதானமாகப் படித்தாள். “காலநிலை மாற்றத்தால் வெப்ப அலை தீவிரம். மேல் மாடிகளில் ஒரே வாரத்தில் பதினோரு முதியவர்கள் பலி...”

‘காலநிலை மாற்றம்’ வந்த இடத்தில் எல்லாம், பெரியவரின் ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் சின்னதாக ஒரு கோடு இழுத்தது. நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் பேப்பரில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தாள். “அதனால மேல் மாடியில இருக்கற பெரியவங்க அடம் பிடிக்காம கீழ போகணும்னு ஆசிரியர் கேட்டுக்கறார்.”

“ஆசிரியரே சொல்லிட்டாரா?” பத்து நாளில் முதல் தடவையாக அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு கையை நீட்டினார். “சரி, வாம்மா. போகலாம்.”

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியவர், கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

“இன்னும் நாலு எட்டுதான் ஐயா.”

“நீ படிச்சது என் பேப்பர் இல்லம்மா.”

நர்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயா...”

“‘காலநிலை மாற்றம்’ங்கற வார்த்தையே என் பேப்பர்ல வராது. முதலாளி கட்சிக்காரர். எந்த நிருபர் எழுதிக் கொடுத்தாலும் வராது. வர விடாம வெட்டினது நான்தான். இருபத்தாறு வருஷம் நியூஸ் எடிட்டர்.” ஏற்ற இறக்கம் இல்லாமல், மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். “நீ என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னே. நான் சொன்ன பொய் யாரையும் காப்பாத்தலை.”

“அப்போ எல்லாம் தெரிஞ்சுமா அந்த நெருப்புல கிடந்தீங்க?”

“கீழ வர முகம் இல்லம்மா. இந்தம்மா புருஷன் செய்தியில ‘வெயில்’ங்கறதை அடிச்சுட்டு ‘உடல்நலக் குறைவு’ன்னு எழுதினதும் இந்தக் கைதான். அதை முதல்ல அவங்ககிட்ட சொல்லு. அவங்க கதவைச் சாத்திட்டா, என்னைத் திரும்ப மேல கொண்டுபோய் விட்டுடு.”

திறந்திருந்த கதவருகே தண்ணீர் டம்ளரோடு அக்கா நின்றிருந்தாள். நாலு எட்டு நடந்து வந்து, டம்ளரை அந்தக் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.

“அது தெரிஞ்சுதான் ஐயா கட்டில் போட்டேன்.”