ஒற்றை வெட்டு

இரண்டும் ஒரே நீளம். சூயிங்கம் பட்டை அளவுதான்.

கம்ப்யூட்டருக்குள் படங்களைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி இரண்டையும் கண்ணாடி மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்காரர் காத்திருந்தார்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நாட்காட்டித் தாளின் பின்பக்கம். வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, இதைச் செருகும் இடத்தை அளந்து பென்சிலால் வரைந்திருந்தாள். கீழே மதர்போர்டின் எண்.

ஜாக்கெட் அளவு கொண்டுவந்தவளைப் பார்ப்பது போல அவர் பார்த்தார்.

"எத்தன ஜிபி வேணுங்க்கா?"

ஈரோட்டில் எல்லாரும் இதைத் தக்காளி மாதிரிதான் வாங்குகிறார்கள். எவ்வளவு கொள்ளும் என்று கேட்பார்கள். எவ்வளவு வேகம் என்று கேட்க மாட்டார்கள்.

அவளுக்கு வேகம்தான் வேண்டும்.

நாளை நாலு மணிக்குள் கோபிசெட்டிபாளையத்துக் கல்யாண ஆல்பத்தை முடித்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இனி எல்லா ஆல்பமும் கோயம்புத்தூருக்குத்தான் என்று ஸ்டுடியோக்காரர் தங்கமுத்து சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவள் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தால் மாப்பிள்ளையின் தலைப்பாகை முதலில் வரும். முகம் வருவதற்குள் குக்கர் மூன்று விசில் விட்டுவிடும்.

கடைக்காரர் ஒன்றை முன்னால் தள்ளினார். அதன் ஓரத்தில் இரண்டு வெட்டு இருந்தது. மற்றதில் ஒன்றுதான்.

"இதையே எடுத்துக்குங்க்கா. ரெண்டு வெட்டு இருக்குதுல்ல, எதுல போட்டாலும் அட்ஜஸ்ட் ஆயிக்கும்."

அட்ஜஸ்ட்.

கல்யாணமான பதினோரு வருடத்தில் அவள் அதிகம் கேட்ட சொல் அது. கம்ப்யூட்டர் வைக்க முன்னறையில் ஒரு மூலை கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்கள். இன்றும் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், முழங்கையை ஒடுக்கிக்கொண்டுதான் வேலை செய்கிறாள்.

இரண்டு வெட்டு இதிலும் பொருந்தும், அதிலும் பொருந்தும். பொருந்திக்கொண்டு மெதுவாக ஓடும்.

ஒற்றை வெட்டு எல்லா இடத்திலும் உட்காராது. உட்கார்ந்தால் ஆறு மடங்கு வேகம்.

தன் போர்டில் உட்காரும் என்று மூன்று நாள் படித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். சொல்லித்தர யாருமில்லை. தப்பாகப் படித்திருந்தால் ஆல்பமும் போச்சு, வேலையும் போச்சு.

"அட்ஜஸ்ட் ஆகாததக் குடுங்க."

"பிரிச்சுட்டா திருப்பி எடுக்க மாட்டங்க்கா."

"பிரிங்க."

வீட்டில் ஃபேனை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

சாய்த்துச் செருகினாள். உட்கார்ந்தது. கையை எடுத்ததும் மறுமுனை மேலே எம்பியது.

பயந்துவிட்டாள். உண்மையாகவே பயந்துவிட்டாள்.

பிறகு ஞாபகம் வந்தது. எம்பத்தான் செய்யும். அழுத்திப் பிடித்து, கடுகளவு திருகாணியை முடுக்க வேண்டும். முடுக்கினாள்.

பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றினாள். அதற்கே பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு பட்டனை அழுத்தினாள். வழக்கம்போலத் துணி காயப்போட எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள்.

திரை தயாராக இருந்தது.

தாலி கட்டுகிற படத்தைத் தொட்டாள். மாப்பிள்ளை முகத்தோடு வந்தான். பெண்ணும் வந்தாள். பின்னால் ஏப்பம் விடுகிற மாமாவும் வந்தார். ஆயிரத்து எண்ணூறு படமும் கூப்பிட்ட குரலுக்கு வந்தது.

அவள் சத்தமாகச் சிரித்தாள். வீட்டில் யாருமில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

ஒன்றே காலுக்கு ஆல்பம் போய்விட்டது.

ஒன்றரைக்குத் தங்கமுத்துவின் போன்.

"ஏனுங்க, பிரமாதமா வந்திருக்குது. ஆர வெச்சுச் செஞ்சீங்க?"

அவள் திரும்பவும் திரை முன்னால் உட்கார்ந்தாள்.

"பேர அனுப்பறனுங்க."

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ஆறு வருடமாக அந்தப் பக்கத்தில் ஸ்டுடியோவின் பெயர் மட்டும்தான் இருக்கும். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், ஒரு வரி சேர்த்தாள். மறுபடி அனுப்பினாள்.

வடிவமைப்பு: ம. பூங்கோதை.