பின்சக்கரமும் சங்கிலியும்

பனி மூடிய மலைப்பாதையில் பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணோடு பிக்கப் வண்டி நின்றது. ஓட்டுநர் நோர்பு பனியில் வழுக்காமல் இருக்க மாட்டும் இரண்டு ஜோடிச் சங்கிலிகளைப் பின்சக்கரத்தில் வைத்து அளவு பார்த்தார். ஒன்று தொளதொளவென்று இருந்தது, மற்றது அளவாக இருந்தது.

"எனக்குத் தொளதொளன்னு இருக்கிறதே போதும். இறுக்கினா வலிக்கும்" என்றது பின்சக்கரம்.

"அது பாதி வழியில கழன்று போயிடும், தம்பி. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றது அளவான சங்கிலி.

நோர்பு அளவான சங்கிலியையே மாட்டினார். சிறிது தூரம் ஓட்டி, இறங்கி, மறுபடியும் இறுக்கினார். சக்கரம் முனகியது.

பள்ளத்தை ஒட்டிய வளைவில் வண்டி வழுக்கியது. சங்கிலி பனியைக் கவ்விப் பிடித்தது. அதன் கண்ணி ஒன்று அறுந்தது. பிடி மட்டும் விடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பெண்ணை உள்ளே தூக்கிப் போனார்கள்.

"அண்ணே, நீங்க இல்லேன்னா அந்தப் பொண்ணை நான் பள்ளத்துல தள்ளியிருப்பேன்" என்று தழுதழுத்தது சக்கரம்.

"அழாதே. உள்ளே ஏதாவது சத்தம் கேக்குதா பாரு."

இரண்டும் மூச்சடக்கிக் காத்திருந்தன. குழந்தையின் முதல் அழுகை கேட்டது.